ஓடாத தேர்கள்

முல்லைக்கொடி பற்றிப் படரக் கொம்பின்றி அலைவதைக் கண்ட பாரி, தான் ஏறிவந்த தேரை அங்கேயே நிறுத்திவிட்டுக் கால்நடையாக மீண்டான் என்பது தமிழர் மறவாத செய்தி. அன்று நின்ற அத்தேர் பிறகு ஓடவில்லை. ஆயினும் கடையெழு வள்ளல்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது நம் நெஞ்சில் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. கொடுத்ததனால் நின்றுபோன தேர் அது. சேர்த்து வைத்ததனால் நின்றுபோன தேர்களும் உலகில் உண்டு. அத்தகைய தேர்களுக்குச் சொந்தக்காரராக விளங்கிய ஒருவரின் வாழ்க்கையை, அவருடைய வண்டிக் கொட்டகையின் வாயில் வழியே புகுந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் ஐதராபாத்தின் ஏழாம் நிஜாம், மீர் உஸ்மான் அலி கான். அவரும் கவிதை எழுதியவர். ஆதலால் கவிஞர்கள் கூடியிருக்கும் இம்மலரில் அவருக்கும் ஓர் ஓரம் உண்டு.

1967-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஐதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனையில் ஒரு முடிசூட்டு விழா. முடி சூடியவர் மறைந்த நிஜாமின் பேரர் முகர்ரம் ஜா. நாடு குடியரசாகிப் பதினேழு ஆண்டுகள் கடந்த பின் நடந்த விழா அது. பட்டம் இருந்தது, நாடு இல்லை. சடங்குகள் முடிந்து புதிய நிஜாமை ஏற்றிச் செல்ல வந்த பெரிய கார் பழுதாகி நின்றுவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அரண்மனைக் கொட்டகைகளில் அப்போது ஏறத்தாழ 60 கார்கள் இருந்தன. அவற்றுள் ஓடும் நிலையில் இருந்தவை நான்கே. ஆனால் அவற்றுக்கான பெட்ரோலுக்கும் உதிரி பாகங்களுக்கும் எழுதப்பட்ட செலவோ ஆண்டுக்கு 45,000 பவுண்டு. ஓடாத வண்டிகள் யாருடைய பெட்ரோலைக் குடித்தன என்று பேரர் கேட்டிருக்க வேண்டும். அவர் கையில் கிடைத்த முதற் சொத்துக் கணக்கு அது. பாட்டனார் விட்டுச்சென்றது இன்னதென்று அவருக்கு உணர்த்தும் முதற் பாடமும் அதுவே.

அந்தப் பாட்டனாரின் கதை எங்கே தொடங்குகிறது?

மீர் உஸ்மான் அலி கான் 1886-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ஐதராபாத்தின் புரானி ஹவேலியில் பிறந்தார். தந்தையார் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான். தாயார் ஜஹ்ரா பேகம். 1724 முதல் தக்காணத்தை ஆண்ட ஆசப் ஜாஹி மரபின் மூலவரைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகிறது. சூஃபி ஞானி ஒருவர் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த குல்ச்சா என்னும் ரொட்டிகளில் ஏழினை அவர் உண்டார். எனவே அவர் வழியினர் ஏழு தலைமுறை ஆள்வர் என்று ஞானி வாழ்த்தினார் என்பது அக்கதை. மஞ்சள் அம்மரபின் நிறமாயிற்று; ரொட்டியின் வட்டம் கொடியில் ஏறிற்று. ஏழாவது ரொட்டிக்கு உரியவர் உஸ்மான் அலி கான். கதையை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். ஆயினும் தம் தலைமுறையோடு முடிவு வந்துவிடும் என்ற கதையைக் கேட்டே வளர்ந்த ஓர் அரசிளங்குமரன், கைக்கு வந்த பொருளை இறுகப் பற்றிக்கொள்ளக் கற்றதில் வியப்பில்லை.

தந்தை மஹபூப் நேர்மாறானவர். வேட்டைப் பிரியர், ஆடைப் பிரியர், கொடையில் கணக்குப் பாராதவர். உருதுப் பெருங்கவிஞர் தாக் தெஹ்லவியைத் தம் அவையில் ஆசானாக வைத்துக்கொண்டு, ஆசிஃப் என்ற புனைபெயரில் கவிதை புனைந்தவர். அவர் தம் இறுதிக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் வண்டி ஒன்றை வரவழைக்க ஏற்பாடு செய்தார். லண்டன் பார்க்கர் நிறுவனத்தார் அதற்கு உடற்கூண்டு கட்டினர். நிறம் மரபுக்குரிய மஞ்சள். பின்னிருக்கையோ உயர்த்தி அமைத்த அரியணை. அதனால் அரியணை வண்டி என்றே அது பெயர் பெற்றது. ஆனால் வண்டி வருமுன் காலன் வந்துவிட்டான். 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் மஹபூப் மறைந்தார். இருபத்தைந்து வயதில் உஸ்மான் அலி கான் நிஜாமானார். தந்தை ஆசைப்பட்ட மஞ்சள் வண்டி மகனிடம் வந்து சேர்ந்தது. விழா நாட்களில் வெளிவந்து உலாச் சென்று மீண்டும் கொட்டகைக்குள் புகுந்த அவ்வண்டி, தன் நெடிய வாழ்நாளில் கடந்த தொலைவு மிகச் சொற்பமே. தந்தையின் ஆசையில் பிறந்து மைந்தரின் சிக்கனத்தில் உறங்கிய வண்டி அது. சேகரம் அதிலிருந்து தொடங்கிற்று எனலாம்.

பின்வந்த வண்டிகள் எப்படி வந்தன? சில விலைக்கு வாங்கியவை. வேறு பல நஜர் என்னும் காணிக்கை வழக்கத்தின் கிளையாக வந்தவை. அரசரைக் காணச் செல்வோர் பொற்காசினை உள்ளங்கையில் ஏந்தி நீட்டுவதும், அரசர் அதனைத் தொட்டுத் திருப்பித் தருவதும் மற்ற அவைகளின் மரபு. இவரோ தொட்டதைத் திருப்புவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. நகரில் கண்ணுக்கு இனிய கார் ஒன்றைக் கண்டால், அதனை அன்பளிப்பாகப் பெறுவதில் மன்னருக்கு மகிழ்ச்சி என்று உரியவருக்குச் செய்தி போகும் என்றும், அவ்வாறே நூற்றுக்கணக்கான வண்டிகள் கொட்டகை சேர்ந்தன என்றும் அக்காலக் கதைகள் கூறும். எண்ணிக்கையில் கதை சற்று மிகுந்திருக்கலாம். கேட்டு வாங்கிய வண்டியில் அவர் ஏறிச் சென்றதாக மட்டும் எந்தக் கதையும் கூறவில்லை.

அவர் வாழ்ந்த மாளிகையே இதற்குச் சான்று. ஃபலக்நுமாவும் சௌமஹல்லாவும் இருக்க, அவர் தங்கிய இடம் கிங் கோட்டி. கமால் கான் என்ற பிரபு தமக்கெனக் கட்டிய வீடு அது. கதவிலும் சாளரத்திலும் தம் பெயரின் முதலெழுத்துகளான கே.கே. என்பதைப் பொறித்திருந்தார் அவர். வீடு நிஜாமின் கைக்கு வந்தபின் எழுத்துகளை அழிக்க வேண்டிய தேவை நேரவில்லை. அவ்விரண்டு எழுத்துகளுக்கும் கிங் கோட்டி என்று பொருள் சொல்லப்பட்டது. எழுத்து அப்படியே இருக்க, உடைமை மட்டும் கைமாறிற்று.

1937-ஆம் ஆண்டு அவருடைய வெள்ளி விழாவின்போது அமெரிக்காவின் டைம் இதழ் அவர் படத்தை அட்டையில் வெளியிட்டு உலகின் பெருஞ்செல்வர் என்றது. அந்தப் பெருஞ்செல்வர் நிறம் மங்கிய துருக்கித் தொப்பியை ஆண்டுக்கணக்கில் அணிந்தார். மலிவான சார்மினார் சிகரெட்டைப் புகைத்தார். தந்தையின் காலணிக்குள் கிடந்து அகப்பட்ட 184 காரட்டுக்கும் மேற்பட்ட ஜேக்கப் வைரத்தைக் காகிதம் பறவாமல் இருக்க மேசைமேல் வைத்திருந்தார் என்பர். தங்கக் கட்டிகளை ஏற்றிய லாரிகள் கிங் கோட்டி முற்றத்தில் நின்ற இடத்திலேயே சக்கரம் மண்ணில் புதைய நின்றன என்றும் ஒரு கதை உண்டு. கதைகள் எல்லாம் ஒரே திசையைச் சுட்டுகின்றன: அவரிடம் வந்தது எதுவும் நகர்வதில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அவரைக் கருமி என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். அவ்வாறு அடக்க இயலாது என்பதே அவர் வாழ்க்கையின் வியப்பு.

1908-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத் நகரில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த அழிவுக்குப் பின் பொறியாளர் விசுவேசுவரய்யா வகுத்துத் தந்த திட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு இளைய நிஜாமிடம் வந்தது. 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் நிறைவுற்றன. வெள்ளம் தடுக்கப்பட்டது, நகரம் குடிநீர் பெற்றது. 1931-இல் மஞ்சீரா ஆற்றில் நிஜாம் சாகர் அணை எழுந்தது. உயர்நீதிமன்றமும் உஸ்மானியா மருத்துவமனையும் மூசியின் இரு கரைகளிலும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. 1914-இல் தொடங்கிய தொல்லியல் துறை, அசந்தாவின் சுவரோவியங்களைக் காக்க இத்தாலியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்தது. புனேயில் பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தார் மகாபாரதச் செம்பதிப்புக்கு உதவி கேட்டபோது, ஆண்டுதோறும் மானியம் வழங்கியதோடு அங்கு வருவோர் தங்க விடுதி கட்டவும் பொருள் தந்தார் இந்த முகமதிய மன்னர்.

யாவற்றினும் நம் கவனத்துக்குரியது 1918-இல் அவர் நிறுவிய உஸ்மானியா பல்கலைக்கழகம். இந்திய மொழி ஒன்றால் உயர்கல்வி முழுவதையும் கற்பிக்க முடியும் என்று துணிந்த முதன்முயற்சி அது. மருத்துவமும் பொறியியலும் சட்டமும் உருது மொழியில் பயிற்றுவிக்கப்பட்டன. அதற்கெனத் தனி மொழிபெயர்ப்புத் துறை அமைந்து கலைச்சொற்களை வடித்தது. நூற்றுக்கணக்கான நூல்களைப் பெயர்த்தது. தமிழ்வழிக் கல்வி பற்றி நாம் மேடையேறும்போதெல்லாம் நினைவுகூர வேண்டிய முன்மாதிரி இது. ஆனால் அதே மூச்சில் மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். நிஜாமின் குடிமக்களில் பெரும்பாலோர் தெலுங்கரும் மராத்தியரும் கன்னடரும் ஆவர். உருது ஆட்சியாளரின் மொழி. குடிகளில் மிகப் பலருக்குத் தாய்மொழி அன்று. தாய்மொழிக் கல்வியின் பெருமையை உலகுக்கு உணர்த்திய அப்பல்கலைக்கழகம், தன் நிலத்து மக்களின் தாய்மொழிகளுக்கு அந்தப் பெருமையைத் தரவில்லை.

இனி, வண்டிகளின் கதைக்கே திரும்புவோம். 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அரசின் இரயில்வேயைச் சார்ந்து ஒரு சாலைப் போக்குவரத்துத் துறை தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 27 பேருந்துகள், 166 பணியாளர்கள். இந்தியாவில் அரசே ஏற்று நடத்திய பேருந்துப் பணிக்கு அதுவே முன்னோடி. அத்துறையே 1958-இல் ஆந்திரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகமாக விரிந்து, மாநிலம் பிரிந்தபின் தெலங்கானாவின் கழகமாகவும் தொடர்கிறது. அப்பேருந்துகளின் பதிவெண்ணில் நெடுங்காலமாக இடம்பெற்ற இசட் என்ற எழுத்து, நிஜாமின் தாயார் ஜஹ்ரா பேகத்தின் பெயரைக் குறிப்பது என்பர். அன்னை மீது அவர் கொண்ட பாசம் ஊரறிந்தது. நாள்தோறும் அன்னையைக் காணச் செல்வதே அவருடைய தவறாத பயணம்; 1941-இல் அன்னை மறைந்தபின் அப்பயணம் கல்லறைக்கு ஆயிற்று. கொட்டகை நிறைய வண்டி வைத்திருந்தவர், அன்னையின் பெயரெழுத்தை அவற்றுள் எதன்மேலும் எழுதவில்லை. கூலியாளும் குடியானவரும் ஏறிச்செல்லும் பேருந்தின்மேல் எழுதினார். தம் உடைமைகளில் எது நிலைக்கும் என்பதை அவர் உள்ளம் எங்கோ அறிந்திருந்தது போலும்.

கவிஞர் என்ற வகையில் அவரை எப்படி மதிப்பது? உஸ்மான் என்ற தம் பெயரையே புனைபெயராகக் கொண்டு உருதுவிலும் பாரசீகத்திலும் எழுதினார். தந்தைக்குத் தாக் ஆசானாக இருந்தது போலவே இவருக்கு ஜலீல் மாணிக்பூரி ஆசானாக விளங்கினார். இளைய மகன் மொஅஸ்ஸம் ஜாவும் கவிஞரே. மூன்று தலைமுறையாகக் கவிதை பயின்ற மாளிகை அது. ஆயினும் மன்னர் எழுதும் கவிதைக்கு ஒரு குறை உண்டு. அதனைக் கேட்பவர் எவரும் தலையசைக்காமல் இருக்க முடியாது. பொற்காசினை நீட்டுவது போலவே புகழுரையையும் நீட்டியாக வேண்டும். எதிர்ச்சொல் நுழையாத அவையில் வளர்ந்த அக்கவிதைகளும், பெட்ரோல் கணக்கு எழுதப்பட்டு ஓடாமல் நின்ற வண்டிகளை நினைவூட்டுகின்றன.

அதே காலத்தில் அந்த நாட்டில் வேறு கவிதைகள் ஓடிக்கொண்டிருந்தன. மொழிபெயர்ப்புத் துறையில் பணியாற்றிய ஜோஷ் மலீஹாபாதி, மன்னரைச் சாடிய கவிதையின் பொருட்டு நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். தெலங்கானாவில் கவிஞர்களே இல்லை என்று ஏளனம் எழுந்தபோது, சுரவரம் பிரதாப ரெட்டி ஊர் ஊராகத் தேடி 354 தெலுங்குக் கவிஞர்களைத் திரட்டி, 1934-இல் கோல்கொண்டா கவுல சஞ்சிகா என்னும் தொகை நூலாக வெளியிட்டார். மலர் வெளியிடும் எந்த இலக்கிய வட்டமும் வணங்கத்தக்க உழைப்பு அது. உருதுக் கவிஞர் மக்தூம் மொஹியுத்தீன் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து உழவர் போராட்டத்தின் குரலானார். தெலுங்குக் கவிஞர் தாசரதி கிருஷ்ணமாச்சாரி நிஜாமாபாத் சிறையில் எழுதுபொருள் மறுக்கப்பட்ட நிலையில், கரித்துண்டால் சுவரில் கவிதை எழுதினார். சுவரைக் கழுவிய பிறகும் அக்கவிதை மக்கள் நாவில் நின்றது. ஒரே நாட்டில் இரு கவிஞர்கள்: ஒருவர் கையில் உலகின் பெருஞ்செல்வம், மற்றவர் கையில் கரித்துண்டு. தெலங்கானா மக்கள் யாருடைய வரிகளை மனப்பாடமாக வைத்திருக்கின்றனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மக்கள் ஏன் கனன்றனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சர்ஃப்-இ-காஸ் என்ற பெயரில் மன்னரின் சொந்த நிலம். மேலும் பெரும்பகுதி ஜாகீர்தார்கள் கையில். தெலங்கானாச் சிற்றூர்களில் வெட்டி என்னும் கூலியில்லா வேலை குடிகளின் முதுகை ஒடித்தது. 1946-இல் அங்கு ஆயுதப் போராட்டம் மூண்டது. 1947-இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது நிஜாம் இந்தியாவுடன் இணையவில்லை. தனித்து ஆளலாம் என்று எண்ணினார். அவ்வாண்டு நவம்பரில் ஓராண்டுக்கு நிலைநிறுத்த ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தாயிற்று. இதற்கிடையே காசிம் ரஜ்வியின் ரஜாக்கர் படையினர் ஊர்களைச் சூறையாடினர். மன்னர் அவர்களை அடக்கவில்லை. அடக்க இயலாத நிலைக்கும் வந்துவிட்டார். 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் இந்தியப் படை நுழைந்தது. ஐந்தே நாட்களில் எல்லாம் முடிந்தது. அதன்பின் நடந்தவை மேலும் கொடியவை. நடுவண் அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, படை நடவடிக்கையின் போதும் அதன் பின்னரும் மாண்டவர் தொகை குறைந்த மதிப்பீட்டிலேயே 27,000 முதல் 40,000 வரை என்று கணித்தது. அவ்வறிக்கை பல்லாண்டுகள் வெளிவராமல் கிடந்து, 2013-இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. தக்க நேரத்தில் நகர மறுத்த ஓர் அரியணைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. அந்தக் கணக்கின் முன் கார்களின் கணக்கு ஒன்றுமில்லை.

அக்குழப்பத்தின் நடுவே மற்றொன்றும் நிகழ்ந்தது. நிஜாம் அரசின் பெயரில் லண்டன் வங்கியில் இருந்த 10,07,940 பவுண்டு 9 ஷில்லிங், செப்டம்பர் 20-ஆம் நாள் அங்கிருந்த பாகிஸ்தான் தூதரின் கணக்குக்கு மாற்றப்பட்டது. சில நாட்களில் நிஜாம் அதனைத் திரும்பக் கேட்டார். உரியவர் யார் என்ற வழக்கில் பணம் வங்கியிலேயே உறைந்துபோயிற்று. வண்டிகளைப் போல் அதுவும் நின்றது. பணமாதலால் துருப்பிடிக்கவில்லை, வட்டியால் வளர்ந்தது.

1950 முதல் 1956 வரை உஸ்மான் அலி கான் ஐதராபாத் மாநிலத்தின் ராஜபிரமுகராக இருந்தார். ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் மானியம் வந்தது. பல அறக்கட்டளைகளை அமைத்தார். 1965-இல் நாடு பொன் வேண்டியபோது 425 கிலோ தங்கத்தைப் பாதுகாப்புத் தங்கப் பத்திரத்தில் வட்டிக்கு முதலீடு செய்தார். மக்கள் வாய்மொழியில் அது 5,000 கிலோ தானமாக வளர்ந்தது. வாழும்போது அவருடைய சிக்கனத்தைப் பெருக்கிச் சொன்ன ஊர், பின்னர் அவருடைய கொடையையும் பெருக்கிச் சொன்னது. மூத்த மகன் ஆஜம் ஜாவைத் தவிர்த்து, 1933-இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்த பேரர் முகர்ரம் ஜாவைத் தம் வாரிசாகக் குறித்தார். ஹிமாயத் சாகர் ஏரிக்குப் பெயர் தந்த அம்மகனுக்கு ஏரி நிலைத்தது, அரியணை கிட்டவில்லை. 1967-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் கிங் கோட்டியில் நிஜாம் கண்மூடினார். பெருந்திரளான மக்கள் கண்ணீரோடு பின்தொடர, மாளிகைக்கு எதிரே உள்ள ஜூதி மசூதியில் அன்னையின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். நாள்தோறும் அவர் சென்றுவந்த பயணம் அங்கு நிறைவெய்தியது.

இனிப் பேரரின் முறை. கார்கள் மட்டுமா வந்தன? பணியாளரும் சார்ந்தோருமாக 14,718 பேரைத் தாங்கும் பொறுப்பும், உறவினர் தொடுத்த எண்ணற்ற வழக்குகளும் சேர்ந்தே வந்தன. 1971-இல் மன்னர் மானியமும் பட்டங்களும் ஒழிக்கப்பட்டன. ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற முகர்ரம் ஜாவுக்கு எந்திரங்கள்மீது இளமை முதலே காதல். எண்ணெய்க் கறை படிந்த கையோடு எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பதில் அவர் கண்ட இன்பம் அவைச் சடங்குகளில் கிட்டவில்லை. அவர் மேற்கு ஆஸ்திரேலியா சென்று, மர்ச்சிசன் ஆற்றங்கரையில் ஐந்து லட்சம் ஏக்கர் பரப்புள்ள செம்மறிப் பண்ணையை வாங்கி, புல்டோசர் ஓட்டிக்கொண்டு வாழ்ந்தார். பாட்டனார் ஓட்டாத வண்டிகளுக்கெல்லாம் பேரர் அந்த வெட்டவெளியில் ஈடு செய்தார் போலும். ஆனால் அவர் அங்கே மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இங்கே அரண்மனைகள் பாழ்பட்டன, சேகரம் கரைந்தது. எது எப்போது எவர் கைக்குப் போயிற்று என்று தேடிச் சென்றால் வழக்கு மன்றத்தின் படிகளிலேயே கால் தேய்ந்துவிடும். இறுதியில் ஆஸ்திரேலியச் சொத்தும் கைநழுவ, அவர் தம் தாயின் நாடான துருக்கியில் அமைந்தார். 2023-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இஸ்தான்புல்லில் மறைந்து, ஐதராபாத் மெக்கா மசூதியில் முன்னோரோடு சேர்ந்தார்.

எஞ்சியவை எவை? 1995-இல் இந்திய அரசு நிஜாமின் அணிகலன்களில் 173-ஐ 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. காகிதம் காத்த ஜேக்கப் வைரமும் அவற்றுள் ஒன்று. அவை வங்கிப் பெட்டகத்தில் உறங்குகின்றன. அவ்வப்போது காட்சிக்கு வருகின்றன. லண்டன் பணத்தின்மீது 71 ஆண்டுகள் கழித்து, 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பத்து லட்சம் பவுண்டு மூன்றரைக் கோடி பவுண்டாகியிருந்தது. இந்தியாவுக்கும் பேரர்களுக்கும் உரியதென முடிவாயிற்று. முகர்ரம் ஜாவின் முதல் மனைவி எஸ்ராவின் முயற்சியால் சௌமஹல்லா அரண்மனை சீரமைக்கப்பட்டு, 2005-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே செப்பனிடப்பட்ட மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் பளபளவென்று நிற்கிறது. துணையாக வேறு சில பழைய வண்டிகளும் நிற்கின்றன. தந்தை ஆசைப்பட்டு, மகன் பூட்டி வைத்து, பேரர் துறந்துபோன வண்டியை இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் காணலாம். கூலியாளின் குழந்தையும் அதன் முன் நின்று வியக்கலாம். பூட்டி வைத்த காலத்தில் அவ்வண்டி தராத இன்பத்தை, பொதுவில் நிற்கும் காலத்தில் தருகிறது.

ஆனால் ஏழாம் நிஜாமின் மெய்யான வண்டியைக் காண விரும்புவோர் அரண்மனைக்குள் செல்ல வேண்டுவதில்லை. சார்மினார்த் தெருவில் நின்றால் போதும். 27-இல் தொடங்கிப் பல ஆயிரமாகப் பெருகிய பேருந்துகளில் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வரும். அதில் காய்கறிக் கூடையோடு ஒரு மூதாட்டி ஏறுவாள். புத்தகப் பையோடு ஒரு மாணவன் உஸ்மானியாவில் இறங்குவான். அது வெயிலில் கருகுகிறது. குழியில் விழுந்து எழுகிறது. பழையதானால் கழிக்கப்பட்டுப் புதியது வருகிறது. ஆனால் ஓடுகிறது. அவர் குழாயில் விட்ட தண்ணீரும், பல்கலைக்கழகத்தில் விட்ட கல்வியும் அவ்வாறே ஓடுகின்றன. தம்முடையது என்று அவர் பூட்டியவை நின்றன. பிறருடையது என்று அவர் விடுத்தவை ஓடுகின்றன. ஒரே மனிதரின் இரு கைகள் செய்த வேலை இது. ஆதலால் அவரைக் கருமி என்று தள்ளவும் இயலவில்லை. வள்ளல் என்று வாழ்த்தவும் இயலவில்லை. நம்மில் பெரும்பாலோரும் அந்த இரு கைகளோடுதான் வாழ்கிறோம்.

பத்தாண்டு கடந்த நம் வட்டத்து நண்பர்களிடம் இவ்வாழ்க்கையை வைத்து ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. நாம் எழுதி அடுக்கிய வரிகளில் கொட்டகைக்குப் போனவை எத்தனை, தெருவுக்குப் போனவை எத்தனை? நம் மறைவுக்குப் பின் நம் பேரப்பிள்ளைகள் பழைய பெட்டியைத் திறந்து ஏட்டினைப் புரட்டும்போது, ஓடக்கூடியவையாக நான்கேனும் தேறுமா? பாரி தேரை நிறுத்தினான். முல்லை ஏறிப் படர்ந்தது. தேரும் நிஜாமிடம் இருந்தது, முல்லையும் அவர் நாட்டில் இருந்தது. இடையே பூட்டிய கொட்டகைக் கதவு ஒன்றுதான் குறுக்கே நின்றது.